ஆட்சேபம் யாருக்கு?

வாடகைக்கு வீடு கேட்டு வந்த ஒரு குடும்பத்தை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு திருப்பி அனுப்பிவிட்டது. அனுப்பியவர் யார் என்று கேட்டால் பதில் கிடைக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் தான் அல்ல என்கிறார். சங்கச் செயலாளரும் தான் அல்ல என்கிறார். தரகரோ, சொன்னதைத்தான் செய்தேன் என்கிறார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசினேன். எல்லோரும் நல்ல மனிதர்கள், அதை மனதாரச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. இருந்தும் அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. முஸ்லிம்கள் என்பது ஒன்றே காரணம். நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. செய்தித்தாளில் எங்கோ ஒரு மதக் கலவரத்தைப் பற்றிப் படிக்கும்போதும், "நம்ம ஊரில் இதெல்லாம் கிடையாது" என்று யாராவது பெருமூச்சு விடும்போதும் இந்த நிகழ்ச்சிதான் நினைவுக்கு வந்து நெருடுகிறது.

இரண்டாம் மாடியில் காலியாக இருந்த வீடு அது. சொந்தக்காரர் புணேயில் வேலையில் இருக்கிறார், சாவியை எங்கள் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறார். வீடு பார்க்க யார் வந்தாலும் நான்தான் திறந்து காட்டுவேன். ஒரு நாள் தரகர் போனில் கூப்பிட்டார். "சார், ஒரு பார்ட்டி இருக்கிறது. நல்ல குடும்பம், வாடகைக்குப் பேரமே பேசவில்லை. ஆனால் பாய் வீடு. அழைத்து வரட்டுமா, வேண்டாமா?" என்றார். அவர் குரலில் வெறுப்பு துளியும் இல்லை. மழை வருமா என்று கேட்பவரின் தொனியில் கேட்டார். வீண் அலைச்சல் வேண்டாம் என்ற அக்கறைதான் அதில் தெரிந்தது. அழைத்து வாருங்கள் என்றேன்.

மாலையில் நான்கு பேர் வந்தார்கள். கணவருக்குத் துறைமுகத்துக்கு அருகில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் வேலை. மனைவி பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவர்களோடு ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும், முழங்கால் வலியோடு ஒரு பாட்டியும். லிஃப்ட் மின்வெட்டின்போது ஓடுமா என்பது பாட்டியின் கேள்வி. ஆசிரியை நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து வாயில் வைத்துப் பார்த்தார். போர் தண்ணீர் எங்கள் பகுதியில் உப்பு. மெட்ரோ தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்று சொன்னதும் அவருக்குத் திருப்தி. சிறுமி சின்ன அறைக்குள் போய் நின்று, மேசையை ஜன்னலோரம் போடலாமா, கதவை ஒட்டிப் போடலாமா என்று அம்மாவிடம் கேட்டாள். வாடகை பேசினோம், முன்பணம் பேசினோம். மறுநாள் டோக்கன் அட்வான்ஸ் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரவு சொந்தக்காரருக்கு விவரம் சொன்னேன். "எனக்கு ஒன்றும் இல்லை சார், யார் இருந்தால் என்ன? என் டீமில் பாதிப் பேர் அவர்கள்தான். அசோசியேஷனில் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் நான் இங்கே இருக்கிறேன்" என்றார். செயலாளரிடம் போனேன். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் ஓடி ஓடி உதவுபவர். "எனக்கு என்ன ஆட்சேபம்? ரம்ஜானுக்கு எங்கள் பிராஞ்சிலேயே பிரியாணி வரும், முதல் ஆள் நான்தான். ஆனால் கீழ்வீட்டு மாமி ஆசாரமானவர். நேர் மேல்வீடு வேறு. அந்த வயதில் அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாமே" என்றார். தரகருக்கு அவரே போன் செய்து, "இந்த இடம் சரிப்படாது, வேறு பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது அடுத்த நாள்தான் தெரிந்தது.

கீழ்வீட்டில்

மாமிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மாமா காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறார். விடிவதற்கு முன் குளித்துவிட்டுக் கோலம் போடுபவர். வெங்காயம்கூட அவர் அடுக்களைக்குள் நுழையாத நாட்கள் மாதத்தில் பல உண்டு. ஆசாரமானவர் என்று செயலாளர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் குடும்பம் வந்தால் உங்களுக்கு என்ன சிரமம் என்று கேட்டுவிட்டு, ஜன்னல், புகைபோக்கி என்று ஏதாவது வழி சொல்லலாம் என்ற எண்ணத்தில்தான் கதவைத் தட்டினேன்.

மாமிக்கு விஷயமே தெரியவில்லை. நான் சொல்லி முடித்ததும் சிறிது நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "என்னை யார் கேட்டார்கள்?" என்றார். யாரும் கேட்கவில்லை மாமி, உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "என் பெயரைச் சொல்லி ஒரு குடும்பத்தை வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறார்கள், எனக்கே தெரியாமல்! அந்தப் பெண்ணும் அவள் மாமியாரும் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்? எனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா?" அத்தனை வருடப் பழக்கத்தில் மாமி குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

அவரைப் புனிதராக்கிக் காட்ட எனக்கு விருப்பம் இல்லை, அவருக்கும் அது பிடிக்காது. "தயக்கமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மீன் பொரித்தால் எனக்குக் குமட்டும். அதை அவர்களிடம் நானே சொல்லிக்கொள்வேன். மூன்றாம் மாடியில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் வறுக்கிறார்களே, அவர்களைக் காலி செய் என்று யாராவது சொன்னார்களா?" என்றார். மூன்றாம் மாடிக்காரர்கள் இந்துக்கள். பிறகு தன் ஊரைப் பற்றிப் பேசினார். தஞ்சாவூர் ஜில்லாவில் அய்யம்பேட்டைக்குப் பக்கம். நெல் கணக்குப் பார்க்க ராவுத்தர் ஒருவர் அவர் அப்பாவைத் தேடி வருவாராம். இருவரும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்களாம். "திண்ணை வரைக்கும்தான். உள்ளே வர மாட்டார், அப்பாவும் கூப்பிட மாட்டார். அப்போது அப்படித்தான். அது தப்பு என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது" என்றார். நான் கிளம்பும்போது அவர்களுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். போட்டேன். அதற்குள் அவர்கள் பல்லாவரத்தில் ஒரு வீட்டுக்கு டோக்கன் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கணவர் என்னிடம் பேசியது இன்றும் காதில் நிற்கிறது. கோபம் இல்லாமல் பேசினார். "அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னேன் என்று சொல்லுங்கள் சார். இப்போதெல்லாம் போனிலேயே முதலில் என் பெயரைச் சொல்லிவிடுகிறேன். நேரமாவது மிச்சமாகும். உங்கள் தரகர் தைரியமாக அழைத்து வந்தார். இனிமேல் முடிவாகும்வரை மகளை வீடு பார்க்க அழைத்துப் போகக் கூடாது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். போன உடனே தன் அறை எது என்று முடிவு செய்துவிடுகிறாள்" என்றார்.

சொந்தக்காரர் இல்லாத மறுப்பு

என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி இதுதான். ஒருவருக்கு முஸ்லிம்களைப் பிடிக்கவில்லை என்றால் அவரோடு வாதாடலாம், சண்டை போடலாம், பழகிப் பழகி மாற்றவும் செய்யலாம். இங்கே நடந்தது வேறு. சொந்தக்காரர் சங்கத்தைக் காட்டினார், சங்கம் மாமியைக் காட்டியது, மாமியை யாரும் கேட்கவில்லை. மறுப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே போய், கடைசியில் யார் கையிலும் இல்லாமல் வேலையை முடித்துவிட்டது. வாதாட எனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

இது புதிய கதையே அல்ல. அம்பேத்கர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினொன்றாம் நாள் காலையில் கம்புகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொன்னது. அன்று தங்க இடம் கேட்டு அவர் இரண்டு நண்பர்களிடம் போனதைப் பிற்பாடு எழுதியிருக்கிறார். ஒருவர் இந்து, மற்றவர் இந்தியக் கிறிஸ்தவர். இந்து நண்பர் வருந்தினார், ஆனால் நீ வந்தால் என் வேலைக்காரர்கள் எல்லோரும் போய்விடுவார்கள் என்றார். கிறிஸ்தவ நண்பர், மனைவி நாளைதான் ஊரிலிருந்து வருகிறாள், அவளைக் கேட்க வேண்டும் என்றார். இருவருமே தனக்கு ஆட்சேபம் என்று சொல்லவில்லை. வேலைக்காரரும் மனைவியும் அந்த இடத்தில் இல்லை. பரோடாவின் பொதுப் பூங்காவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு அன்றிரவே அம்பேத்கர் பம்பாய்க்கு ரயிலேறினார். அவர் சந்தித்தது தீண்டாமை. எங்கள் குடியிருப்பில் நடந்தது அதற்கு நிகரானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் படித்த, கனிவான மனிதர்கள் மறுக்கும் முறை நூறாண்டுகளில் அப்படியே இருக்கிறது. வேலைக்காரருக்குப் பதில் அசோசியேஷன் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர் 1934இல் வெளியிட்ட ஓர் ஆய்வையும் இந்த நாட்களில் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். சீனர்கள் மீது அமெரிக்காவில் கடும் வெறுப்பு நிலவிய காலம். ஓர் இளம் சீன மாணவரையும் அவர் மனைவியையும் காரில் அழைத்துக்கொண்டு அவர் நாடு முழுக்கப் பயணம் செய்தார். விடுதிகள், உணவகங்கள் என்று 251 இடங்களில் நுழைந்தார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இடமில்லை என்றார்கள். சில மாதங்கள் கழித்து, சீனர்களை விருந்தினர்களாக ஏற்பீர்களா என்று அதே இடங்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மாட்டோம் என்றே எழுதினார்கள். இந்த ஆய்வில் குறைகள் உண்டு. அவர்களோடு ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் இருந்தார், வரவேற்றவரும் பதில் எழுதியவரும் வேறு வேறு ஆட்களாக இருந்திருக்கலாம். இருந்தாலும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. புன்னகையோடு எதிரே வந்து நிற்கும் இரண்டு மனிதர்களை மறுப்பது கடினம். ஓர் இனத்தின் பெயரைக் காகிதத்தில் பார்த்து மறுப்பது சுலபம்.

சென்னை வாடகைச் சந்தை முழுக்க அந்தக் கடிதத்தின் முறையில்தான் நடக்கிறது. "என்ன பெயர்? வெஜ்ஜா, நான்வெஜ்ஜா? சொந்த ஊர்?" என்று போனிலேயே வடிகட்டிவிடுகிறார்கள். மனிதர்கள் சந்திப்பதற்கு முன்பே பெயர் நிராகரிக்கப்பட்டுவிடுகிறது. டெல்லியில் இணையத்தில் வாடகைக்கு விளம்பரம் செய்திருந்த வீட்டுக்காரர்களுக்கு வெவ்வேறு பெயர்களில் விண்ணப்பம் அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. உயர்சாதி இந்துப் பெயருக்குப் பதில் வந்தது நூற்றுக்கு 35 முறை, முஸ்லிம் பெயருக்கு 22 முறை. வருமானமும் வேலையும் தெரிவதற்கு முன்பே, வெறும் பெயருக்குக் கிடைத்த பதில்கள் இவை. பெயரைக் கேட்டே மூடப்படும் கதவு முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. தலித்துகள், தனியாக வாழும் பெண்கள், திருநங்கைகள் இதையே வேறு வேறு சொற்களில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மதிப்பும் தூரமும்

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-20இல் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 30,000 பேரிடம் 17 மொழிகளில் பேசி, 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உண்மையான இந்தியராக இருக்க எல்லா மதங்களையும் மதிப்பது மிக முக்கியம் என்று அதில் 84 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே இந்தியாவில், முஸ்லிம் ஒருவரைப் பக்கத்து வீட்டுக்காரராக ஏற்க மனமில்லை என்று இந்துக்களில் 36 சதவீதமும் சமணர்களில் 54 சதவீதமும் சொன்னார்கள். தங்கள் சமூகப் பெண்கள் வேறு மதத்தில் திருமணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் இந்துக்களில் 67 சதவீதம், முஸ்லிம்களில் 80 சதவீதம். பலர் இதை இந்தியர்களின் இரட்டை வேடம் என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொன்னவர்கள் இரண்டையும் உளமாரத்தான் சொன்னார்கள். அவரவர் எல்லைக்குள் அவரவர் நன்றாக இருக்கட்டும் என்பதுதான் அவர்களுக்கு மதிப்பு. மாமி சொன்ன அய்யம்பேட்டைத் திண்ணையில் மணிக்கணக்கில் நடந்த அந்தப் பேச்சும் அத்தகைய மதிப்புதான். அதில் அன்பு இருந்தது, சமத்துவம் இருக்கவில்லை.

தெற்கில் நிலைமை ஓரளவு மேல் என்று அதே அறிக்கையும் சொல்கிறது. அதில் எனக்கும் பெருமை உண்டு. நாகூர் தர்காவின் 131 அடி மனோராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இன்றும் சந்தனக்கூட்டுக்கு இந்துக்கள் திரளாகப் போகிறார்கள். பிரிவினையில் சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் மயிலாப்பூரில் தொடங்கிய சூஃபிதார் அறக்கட்டளை, பல பத்தாண்டுகளாக ரமலான் மாதத்தில் திருவல்லிக்கேணி வாலாஜா மசூதிக்கு உணவு சமைத்து எடுத்துச் செல்கிறது. இந்துத் தொண்டர்கள் பரிமாற, நோன்பாளிகள் நோன்பு திறக்கிறார்கள். 2015 வெள்ளத்தில் சென்னையின் மசூதிகள் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்தன. இவை அலங்காரக் கதைகள் அல்ல. இந்த மண்ணில் உண்மையாக நடப்பவை, நடந்தவை.

ஆனால் இவற்றை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில் எனக்கு வருத்தம் இருக்கிறது. நாகூரும் வேளாங்கண்ணியும் நம் ஊரில் இருப்பதால் இங்கே பாகுபாடு கிடையாது என்று பேச்சை முடித்துவிடுகிறோம். 1997 நவம்பரில் கோயம்புத்தூரில் ஒரு காவலர் கொல்லப்பட்டதை அடுத்து 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரியில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். அதன் பிறகு அந்த நகரத்தில் யார் எந்தத் தெருவில் வீடு தேடலாம் என்ற கணக்கே மாறிப்போனதை அங்கே வாழ்ந்த எந்த முஸ்லிம் நண்பரைக் கேட்டாலும் சொல்வார். குண்டு வைத்தவர்களை நீதிமன்றம் தண்டித்தது. ஒரு தவறும் செய்யாத ஆயிரக்கணக்கான குடும்பங்களை வீட்டுச் சந்தை தண்டித்தது. பிறகு அவர்கள் ஒரே பகுதியில் நெருக்கிக்கொண்டு வாழ்வதைப் பார்த்து, "அவர்கள் கூட்டமாகத்தான் இருப்பார்கள், நம்மோடு கலக்க மாட்டார்கள்" என்று பேசினோம். முஸ்லிம்கள் தனிப் பகுதிகளுக்குள் ஒதுங்க நேர்வதையும், வெளியே வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடியாமல் தவிப்பதையும் முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழு 2006இலேயே எழுதி வைத்துவிட்டது. யாருக்கும் தெரியாத சேதி இல்லை இது.

என் வீடு, என் உரிமை

இதைப் பேசிய இடமெல்லாம் ஒரு வாதம் திரும்பி வந்தது. வீடு என் சொத்து, யாருக்குக் கொடுப்பது என்பது என் உரிமை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீட்டைப் பற்றி ஒருவருக்கு இருக்கும் பதற்றம் எனக்குப் புரிகிறது. சட்டமும் இன்று பெருமளவு அவர் பக்கம்தான். அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள், கிணறுகள், குளங்கள் ஆகியவற்றில் மதத்தின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. அகமதாபாத்தில் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் விதியை வைத்திருந்தது. அது செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்கிறது, வைப்புத்தொகையைப் பற்றிப் பேசுகிறது, மதம் பார்த்து மறுப்பதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் அரசியலமைப்பு அவையில் 1948 நவம்பரில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, கடை என்றால் என்ன என்ற கேள்விக்கு அம்பேத்கர் சொன்ன விளக்கம் மிக விரிவானது. நாடி வரும் எவருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடம் எதுவோ, அது கடை என்பது அதன் சாரம். 2011இல் உச்ச நீதிமன்றம் ஒரு தனியார் கல்லூரி வழக்கில் இந்த விரிந்த பொருளை எடுத்துக்கொண்டது. 'டு லெட்' பலகை மாட்டி, இணையத்தில் படம் போட்டு, தரகரிடம் சொல்லி வைத்து, முன்பணம் கேட்கும் ஒரு வீடு அந்த விளக்கத்துக்கு வெளியே எப்படி நிற்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் இனம், மதம் பார்ப்பதைத் தடை செய்யும் சட்டம் கையெழுத்தானது. வீட்டுக்காரர் தானும் அதே கட்டடத்தில் குடியிருந்து, அதில் நான்கு வீடுகளுக்கு மேல் இல்லை என்றால் அவருக்கு விலக்கு உண்டு. கீழே ஓனர், மாடியில் வாடகைக்காரர் என்ற நம் ஊர் வீட்டுக்கும் பொருந்தக்கூடிய விலக்கு அது. அப்படிப்பட்டவரும், இன்னாருக்கு மட்டும் வீடு என்று விளம்பரம் செய்ய முடியாது. அந்தரங்கத்துக்கும் ஓர் இடம் விட்டு, சந்தைக்கும் ஒரு நியாயம் வைத்தார்கள். அங்கே பாகுபாடு ஒழிந்துவிடவில்லை, ஆனால் பாதிக்கப்பட்டவர் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது. சிங்கப்பூரில் 1989 முதல் அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தவர் எத்தனை சதவீதம் என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். தமிழர்கள் உள்ளிட்ட சிறுபான்மையினர் தம் வீட்டை விற்கும்போது வாங்க ஆள் குறைந்து விலை இறங்கும் சிரமம் அதில் உண்டு. அந்த அளவுக்கு இங்கே போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணம் மதமாக இருக்கக் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்பது.

எங்கள் சங்கக் கூட்டம்

சட்டம் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் சங்கத்தின் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். வாடகைக்கு வருபவர் யார் என்று பார்ப்பது சங்கத்தின் வேலை அல்ல. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் தன் பெயரையும் வீட்டு எண்ணையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இன்னொருவருக்காக யாரும் ஆட்சேபம் தெரிவிக்கக் கூடாது. கடைசி வரி மாமி சொல்லிச் சேர்த்தது. அவர் கூட்டத்துக்கு வந்திருந்தார், தன் பெயர் பயன்படுத்தப்பட்டதைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் பேசினார். செயலாளர் எழுந்து மாமியிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் அவர் அதைச் செய்திருந்தார்.

பிறகு முதல் மாடியில் இருக்கும் இன்னொருவர் ஒரு மாற்றுத் தீர்மானம் கொடுத்தார். மதம் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன், இனி சைவ உணவுக்காரர்களுக்கு மட்டும் வாடகைக்கு விடலாம் என்று பொதுவாக வைத்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது என்றார். பலர் தலையை ஆட்டினார்கள். எனக்கு உடம்பு பதறியது. இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறை 2014இல் எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் சாப்பிடுபவர்கள். அப்படியானால் இந்த விதி நூற்றில் 97 பேரை வெளியே நிறுத்த வேண்டும். நிறுத்தாது. மூன்றாம் மாடியில் ஞாயிறு மீன் தொடரும், யாரும் கேட்க மாட்டார்கள். முஸ்லிம் குடும்பமோ கிறிஸ்தவக் குடும்பமோ தலித் குடும்பமோ வரும்போது மட்டும் இந்த விதி எழுந்து நிற்கும். நான் இதைச் சொன்னபோது, நீங்கள் எல்லாவற்றிலும் உள்நோக்கம் பார்க்கிறீர்கள் என்றார்கள்.

இரண்டு தீர்மானங்களும் அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன. அதற்குள் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று நேராகக் கேட்கப் போகிறேன். உண்டு என்பவரோடு உட்கார்ந்து எவ்வளவு நேரமானாலும் பேசுவேன். "எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் மற்றவர்கள்..." என்று இழுப்பவரிடம், அந்த மற்றவரின் வீட்டு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்ததாக அங்கே போவேன்.